உப்பளக் கணக்கர் நாடக ஆசிரியர் ஆனார்!

தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்பளத்தில் கணக்கு எழுதினார். மனமோ நாடகத்தை நாடியது. 24-வது வயதில் வேலையை விட்டு நடிகரானார்.

எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேடங்கள் போட்டார். ஒரு நாள் விடியற்காலை, வேடத்தைக் கலைக்க நீர்த்துறைக்குப் போனார். அந்தக் கோலத்தைக் கண்ட பெண் ஒருத்தி அலறி விழுந்தாளாம். சுவாமிகள் மனம் உடைந்தார். வேடம் போடுவதையே விட்டார்.

ஆனால் நாடகத்தை விடவில்லை. பேனாவைப் பிடித்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் பிறந்தன. வசனமும் பாட்டும் அவரே கட்டினார்.

1918-ல் மதுரையில் சிறுவர் நாடக சபை அமைத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்களே. பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்தது. 1922-ல் புதுச்சேரியில் காலமானார். வள்ளி திருமணமோ தென்னாட்டுத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது!