கல்லைப் பேசவைத்தவர்

கொழும்பு கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயில் இருக்கிறது. தந்தையார் எடுப்பித்த கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பின்னாளிற் கருங்கல்லினால் புதுக்கி எழுப்பினார். தூண், சுவர், கூரை யாவும் கல். கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்த எனக்குச் சிறு பிராயத்து நினைவுகளில் முதலாவது அந்தக் கல்லின் குளிர்ச்சியேயாகும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இராமாயணக் கதாப்பிரசங்கம் கேட்கப் போயிருந்தேன். பிரசங்கியார் அன்று மிதிலைக்குப் போகும் வழியில் இருந்தார். அகலிகை கல்லாய்க் கிடந்தாள்; இராமபிரானின் பாதத்துகள் பட்டது; எழுந்தாள்; வணங்கினாள்; கோதமரோடு சென்றாள். அரை நாழிகையில் எல்லாம் முடிந்தது. பிரசங்கியார் வில் முறிக்கும் காட்சிக்குப் போய்விட்டார். சபை முழுவதும் அவரோடு மிதிலைக்குப் போய்விட்டது. நான் மாத்திரம் சாய்ந்திருந்த தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பும்போது, அதற்குப் பிறகு அந்த அம்மாளுக்கு என்ன நடந்தது என்று அம்மம்மாவைக் கேட்டேன். புருஷன் ஏற்றுக்கொண்டான், அதற்குமேல் என்ன இருக்கிறது என்றார் அவர்.

அதற்குமேல் இருந்ததை எழுதிய மனிதரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவர் சொ. விருத்தாசலம், தமிழுலகம் புதுமைப்பித்தன் என்று அறியும்.

அகலிகை தமிழுக்குப் பழையவள். பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலிலேயே அவள் இருக்கிறாள். திருப்பரங்குன்றத்து ஓவியங்களைப் பார்த்துச் செல்வோர், இவன் பூனையாகிய இந்திரன், இவள் அகலிகை, இவன் சினங்கொண்ட முனிவன், இது அவள் கல்லான நிலை என்று ஒருவருக்கொருவர் காட்டிச் செல்கின்றனர். அங்கே அவள் சுவரோவியம். வான்மீகத்திலோ அவள் கல்லுமல்லள்; எவர் கண்ணுக்கும் புலப்படாமல், சாம்பலிற் கிடந்து, காற்றை உண்டு தவஞ்செய்கிறாள். வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே அவள் இசைந்ததாகவும் வான்மீகி சொல்கிறார். கம்பனும் அவள் உணர்ந்ததை மறைக்கவில்லை. ஆயினும் அவளைக் கல்லாக்கி, சாபத்துக்கு முடிவு வேண்டி ஒருமுறை இரக்கவும் விடுகிறான். விமோசனத்தின்போது, உள்ளத்தால் தவறாதவளை ஏற்றுக்கொள்ளுமாறு விசுவாமித்திரர் கோதமருக்கு எடுத்துரைக்கிறார். ஆடவர் இருவர் பேசித் தீர்க்கிறார்கள், அவள் பேசவில்லை. காவியத்துக்கு அவள் வழியில் வந்த ஒரு நிறுத்தம். பெருங்காவியத்தின் நீளத்தை நோக்கும்போது அதைக் குறையென்று சொல்லவும் முடியாது.

இவ்வாறு மூலையில் விடப்பட்ட பெண்களைப் பற்றி முதலிற் குரலெழுப்பியவர்களுள் ஒருவர் இரவீந்திரநாத் தாகூர். பதினான்கு ஆண்டு தனித்திருந்த இலக்குவன் மனைவி ஊர்மிளையைக் கவிகள் மறந்தமைக்காக அவர் வருந்தி எழுதினார். அந்த ஊர்மிளையை நடுவில் வைத்து இந்தியிலே மைதிலிசரண் குப்தர் சாகேதம் பாடினார். நம்மவர்களுள் வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியார் அகலிகை வெண்பா இயற்றினார். ஆங்கிலத்தில், சார்லட் புரொன்ரேயின் நாவலில் மேல்மாடியிற் பூட்டி வைக்கப்பட்ட பித்துப்பிடித்த மனைவிக்கு ஜீன் ரீஸ் தனிக்கதை எழுதியது 1966இல். நமது புதுமைப்பித்தன் அகலிகையைப் பேசவைத்து அப்பொழுது இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நிற்க. விருத்தாசலம் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். உத்தியோகத்தின் பொருட்டுக் குடும்பம் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராய் மாறியது. எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தையார் ஓய்வு பெற்றபின் சொந்த ஊரான திருநெல்வேலிக்கு வந்து, அங்கே இந்துக் கல்லூரியிற் படித்து 1931இல் பட்டம் பெற்றார். மகனும் அரசாங்க உத்தியோகம் பார்க்கவேண்டும் என்பது தகப்பனார் விருப்பம். மகனுக்கு வாய்த்ததோ எழுத்துப் பித்து. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலா அம்மையாரை மணந்தார். பிறகு வேலை தேடிச் சென்னைக்குப் போனார்.

1933இல் காந்தி என்னும் பத்திரிகையில் அவருடைய முதற் படைப்பு வெளியாயிற்று. 1934இல் மணிக்கொடியில் எழுதத் தொடங்கினார். அந்த மணிக்கொடிக்கும் நமது கொழும்புக்கும் ஓர் உறவுண்டு. மணிக்கொடியை நடத்தியவர்களுள் ஒருவரான வ. ரா. பின்னர் இங்கு வந்து வீரகேசரியின் ஆசிரியராகப் பணிபுரிந்தார். நம் நாட்டுச் சிறுகதையின் முன்னோடிகளான இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோர் எழுத வந்த காலமும் அதுவே. வ. ரா. நடமாடிய தெருக்களிலே நாம் நடக்கிறோம் என்ற எண்ணம் என் மாணவப் பருவத்தில் எனக்கு எவ்வளவோ தெம்பு தந்தது.

1934ஆம் ஆண்டிலேயே புதுமைப்பித்தன் அகல்யை என்றொரு கதை எழுதினார். அதிலே சாபமில்லை; கல்லுமில்லை. அரைத் தூக்கத்தில் வஞ்சிக்கப்பட்டவளைக் கோதமன் புரிந்துகொள்கிறான்; இந்திரனையும் தண்டிக்காமல் போகவிடுகிறான். மனத்தின் தூய்மையே கற்பு என்பது அவன் துணிபு. இருபத்தெட்டு வயது இளைஞன் எழுதக்கூடிய கதை அது. நல்ல கணவன் ஒருவன் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. அவருக்கும் போதவில்லை போலும்; ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1943இல், அதே பெண்ணிடம் திரும்பி வந்தார். கலைமகளில் வெளியான அக்கதையின் பெயர் சாபவிமோசனம்.

கம்பன் முடித்த இடத்திலே அது தொடங்குகிறது. கல் பெண்ணாகிறது, புற்றை உடைத்துக்கொண்டு கோதமன் எழுகிறான், இருவரும் மறுபடியும் குடித்தனம் நடத்த முயல்கிறார்கள். அம்மம்மா சொன்னபடி ஏற்றுக்கொண்டாயிற்று. ஆனால் அகலிகைக்கோ, எதிரே யார் வந்தாலும் பழைய அச்சம். சரயு நதிக்கு நீராடச் சென்றால், இவளைக் கண்ட பெண்கள் இன்னாரென்று அறிந்து விலகி ஓடுகிறார்கள். சாபத்தை நீக்கிய இராமனால் அவர்கள் பார்வையை நீக்க முடியவில்லை. வனவாசம் முடிந்து சீதையும் இராமனும் பார்க்க வருகிறார்கள். பெண்கள் இருவரும் தனித்திருக்கையில், இலங்கையில் தான் தீப்புகுந்ததைச் சீதை சொல்கிறாள். அவனா கேட்டான் என்று அகலிகை திகைக்கிறாள். தன்னைக் குற்றமற்றவளாகக் கண்டு மீட்ட இராமன் வேறு, மனைவியைத் தீக்குளிக்கச் செய்த இராமன் வேறா? உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள். உண்மை நிலைத்திருக்க உலகத்தின் சான்று எதற்கு என்று இவள் மனம் கொதிக்கிறது. அன்று மறுபடியும் கல்லாகிறாள். முதன்முறை அவளைக் கல்லாக்க ஒரு முனிவன் வேண்டியிருந்தது. இம்முறை எவரும் வேண்டியிருக்கவில்லை. கோதமன் துறவு பூண்டு போகிறான்.

இராமாயணத்திற் பழகியவர்களுக்கு இது பிடிக்காமற் போகலாம் என்பதை அவரே உணர்ந்து, அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் முன்னதாகவே சொல்லி வைத்தார். பக்தர்கள் சிலர் வருந்தியதும் உண்மைதான். இராமனை இழித்துரைத்த கதை இதுவென்று என்னிடம் வாதிட்ட பெரியவர் ஒருவர் வெள்ளவத்தையில் இருந்தார். நான் அவ்வாறு கருதவில்லை. அக்கதையில் இராமன் அகலிகையின் காலில் விழுந்து வணங்குகிறான். அவளுடைய பெரிய நம்பிக்கை அவனே. நம்பிக்கை வைக்காத இடத்தில் இத்தகைய இடிவு நேராது.

இக்கதையை 1983ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் வகுப்பில் நான் வாசித்தேன். பாடத்திட்டத்தில் இல்லாதது, நூலக வேளையொன்றில் வாசித்தேன். சரயு நதிக் காட்சி வந்தபோது பின்வரிசையில் ஒரு மாணவி, அந்தப் பெண்கள் தங்கள் தோட்டத்துக் குழாயடியில் இருக்கிறார்கள் என்றாள். வகுப்புச் சிரித்தது. கொழும்பிலே தோட்டம் என்றால் மரஞ்செடியன்று என்பது வாசகர்களுக்குத் தெரியும். நெருக்கமான சிறு வீடுகளின் வரிசை, எல்லோருக்கும் ஒரே குழாய். தன் தாய் வாளியோடு போனால் மற்றவர்கள் தங்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு தள்ளிப்போவார்கள் என்று அவள் சிரியாமற் சொன்னாள். அவளுடைய தந்தை அவர்களை விட்டுப் போய்ச் சில ஆண்டுகளாகியிருந்தன. அதற்குக் காரணமாக ஊர் தாயைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தது.

அந்தக் கதை எனக்கும் தெரியும். முந்திய ஆண்டு வாணி விழாவில் குத்துவிளக்கேற்றத் தாய்மார் ஐவரை நான்தான் தெரிவு செய்தேன். அந்தப் பெண்ணின் தாய் முன்வரிசையில், மடித்த பட்டுச் சேலையின் தடம் தெரிய உட்கார்ந்திருந்தார். வகுப்பிலே முதலாம் இடம் பெற்ற பிள்ளையின் தாய் என்ற முறையில் அவரை அழைத்திருக்க வேண்டும். நான் அழைக்கவில்லை. எவரும் என்னைத் தடுக்கவில்லை. எவரும் ஒன்றும் சொல்லவுமில்லை. மற்றத் தாய்மார் முகங்கோணுவார்களோ என்று நானே எண்ணி, நானே தாண்டிப்போனேன். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்ற சீதையின் சிரிப்பை வகுப்பில் வாசித்தபோது என் குரல் தடுமாறியது. மாணவிகள் அதை நல்ல வாசிப்பென்று எண்ணியிருப்பார்கள்.

அதன் பின்னரே அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து படிக்கலானேன். ரகுநாதன் 1951இல் வெளியிட்ட வரலாற்று நூலைத் தேடிப் பிடித்தேன். கதையெழுதியவருக்குத் தம் வீட்டில் இந்த நியாயம் இருந்ததா என்பதே என் கேள்வியாயிருந்தது. நேரான விடை கிடைக்கவில்லை. தினமணியில் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கத்தோடு பணிபுரிந்தார், 1943இல் அவருடனேயே விலகித் தினசரிக்குப் போனார். சம்பளம் எக்காலத்தும் போதவில்லை. கமலா அம்மையார் சில காலம் அவரோடு சென்னையிலும், பல காலம் பிறந்த வீட்டிலும் இருந்தார். கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். பணம் வரும், நீ வருவாய், வீடு பார்க்கிறேன் என்ற பொருளில் கணவரிடமிருந்து கடிதங்கள் வந்தன. அவை பின்னாளில் கண்மணி கமலாவுக்கு என்ற பெயரில் நூலாயின. அன்பு ததும்பும் கடிதங்கள்தாம், அதில் ஐயமில்லை. ஆனால் அன்பும் காத்திருக்கச் சொல்லும். அம்மையாரும் சிறுகதை எழுதியவர். காசுமாலை அவருடைய தொகுதி. அவருடைய கதைகளைப் படித்தவர் நம்மிடையே எத்தனை பேர்? புதுமைப்பித்தனின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 2002இல் நாட்டுடைமையாக்கியது. அவற்றைப் பற்றிக் கருத்தரங்குகளில் நானே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். காசுமாலையைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை.

திரைப்படம் வறுமையைத் தீர்க்கும் என்று நம்பி அவர் அத்துறையில் இறங்கினார். அவ்வையார், காமவல்லி முதலிய படங்களுக்கு எழுதினார். பர்வதகுமாரி என்ற பெயரிற் சொந்தமாகப் படநிறுவனம் தொடங்கி நட்டப்பட்டார். தியாகராஜ பாகவதரின் ராஜமுக்திக்கு உரையாடல் எழுதப் பூனாவுக்குப் போனார். அங்கிருந்து காசநோயோடு திரும்பினார். பிறந்து ஓரிரு ஆண்டுகளே ஆன மகளும் மனைவியும் இருந்த திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்து, 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் காலமானார். வயது நாற்பத்திரண்டு. ராஜமுக்தி வெளியானதை அவர் பார்க்கவில்லை. கமலா அம்மையார் அதன்பின் 1995 வரை வாழ்ந்தார். கணவரோடு வாழ்ந்ததைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு காலம்.

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வந்ததும் உண்டு. ஆனால் சாபவிமோசனத்தை மறுபடி எடுத்துப் பார்க்குந்தோறும், அதிலே கோதமன் மீது ஆசிரியர் காட்டும் பரிவு கண்ணிற் படுகிறது. அவன் நல்லவன், அவளை நேசிக்கிறான், அவளுக்காக வாதாடவும் அணியமாயிருக்கிறான். இருந்தும் அவள் பக்கத்தில் கல்லாவதை அவனால் தடுக்க முடியவில்லை. வெறும் புத்தியால் அந்தக் கோதமனை எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அந்த மாணவியின் தாயைச் சந்தித்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று பல முறை எண்ணினேன். தவணைப் பரீட்சை முடியட்டும் என்றிருந்தேன். ஆடி மாதம் கலவரம் வந்தது. நாங்கள் அகதி முகாமிலிருந்து திரும்பியபோது என் புத்தக அலுமாரி இருந்த அறைக்குக் கூரை இல்லை. காஞ்சனைத் தொகுதி அதிலே இருந்தது. சில வாரங்கள் கழித்து அந்தத் தோட்டத்துக்கு நடந்து போனேன். அவர்கள் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். கப்பலில் வடக்கே போனதாக ஒருவர் சொன்னார். இல்லை, மலைநாட்டில் உறவினரிடம் போனதாக இன்னொருவர். குழாயடியிற் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி எனக்காக வாளியை நகர்த்தி வழிவிட்டாள்.

இப்பொழுது நான் வெள்ளவத்தையில், கடலுக்கும் காலி வீதிக்கும் இடையே ஓர் ஒழுங்கையில் இருக்கிறேன். காஞ்சனையை மறுபடியும் வாங்கிவிட்டேன். காசுமாலையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வைத்திருக்கும் அன்பர்கள் இரண்டு கிழமைக்கு இரவல் தந்தால், பிரதியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன்.