இலத்தீன் வகுப்பில் இஞ்ஞாசியார்

தன்னடக்கம் என்றதும் நோன்பும் ஒறுத்தலுமே நம் நினைவுக்கு வருகின்றன. புனித லொயோலா இஞ்ஞாசியாரும் மனமாற்றத்தின் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினார். 1522-இல் மன்ரேசாவில் நாள்தோறும் ஏழு மணி நேரம் செபித்தார். முடியையும் நகத்தையும் வெட்டவில்லை. இறுதியில் கடும் நோயில் விழுந்தார். வயிற்று வலி அதன் பின்னும் அவரைத் தொடர்ந்தது.

எருசலேமில் தங்க அனுமதி கிடைக்காமல் 1524-இல் பார்சலோனாவுக்குத் திரும்பினார். ஆன்மாக்களுக்கு உதவ வேண்டும், அதற்குப் படிக்க வேண்டும் என்று தீர்மானித்தார். 33 வயதில் இலத்தீன் பாலபாடம்! இலக்கணத்தை மனப்பாடம் செய்ய அமர்ந்தாலோ, ஆன்மீகச் சிந்தனைகளும் இன்பங்களும் மனத்தை இழுத்துச் சென்றன. நமக்குப் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வரும். அவருக்குத் தியானம் வந்தது. செபத்திலும் திருப்பலியிலும்கூட வராத இந்த இன்பம் படிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்தார். அதுவும் சோதனையே என்று கண்டுகொண்டார்.

உடனே தம் ஆசிரியர் அர்தேவோலை சாந்தா மரியா தெல் மார் ஆலயத்திற்கு அழைத்துச் சென்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். உயிர் வாழ ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு வகுப்பையும் தவறவிடுவதில்லை என்று வாக்களித்தார். அந்தச் சோதனை அங்கே அகன்றது. ஆனால் பாரிஸில் அது மீண்டும் தலைகாட்டியது. அங்கும் ஆசிரியரிடமே போய் நின்றார்.

1537-இல் வெனிஸ் நகரில் குருவானார்.