கைகுலுக்கலே ஒப்பந்தம்

நுழையும்முன்

மேடையில் நகைப்புக்கு உள்ளான பாடகி ஒருவர், வானொலியில் ஒரு நாட்டின் குரலாக ஒலித்தார். அவருடைய குரலுக்கு உரிய இடத்தைக் கண்டறிந்து தந்தவர் ஒருவர். அவ்விருவரின் வாழ்க்கையை விளக்குகிறது இப்பாடம்.

1930ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் பிராட்வே அரங்கு ஒன்றில் ‘ஃப்ளையிங் ஹை’ என்னும் இசைநாடகம் நடைபெற்று வந்தது. அதில் நடித்த இருபத்து மூன்று வயதுப் பெண், பாடத் தொடங்கினால் அரங்கம் கைதட்டும். ஆனால், அவருக்குக் கிடைத்த வேடமோ நகைப்புக்குரியது. உடன் நடித்த நகைச்சுவை நடிகர் பெர்ட் லார், அவருடைய பருத்த உடலை வைத்தே ஒவ்வோர் இரவும் சிரிப்பை வரவழைத்தார். திரை விழுந்தபின் அப்பெண் ஒப்பனை அறையில் தனியே அமர்ந்து அழுவார். அவர்தாம் கேட் ஸ்மித்.

1907 மே 1ஆம் நாள் பிறந்த கேட், வாஷிங்டன் நகரில் வளர்ந்தார். முறையான இசைப்பயிற்சி எதுவும் அவர் பெறவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் படைமுகாம்களில் பாடிய சிறுமிக்குப் பாட்டின்மீது தீராத வேட்கை. தந்தையோ மகள் மேடையேறுவதை விரும்பவில்லை. அவருக்காகச் செவிலியர் பயிற்சியில் சேர்ந்த கேட், சில மாதங்களிலேயே அதைவிட்டு விலகினார். 1926இல் ‘ஹனிமூன் லேன்’ நாடகத்தின் வழியாகப் பிராட்வேயை அடைந்தார். நான்கு ஆண்டுகள் கழிந்தும் அவர் பாடகியாக அல்லாமல் பருத்த பெண்ணாகவே அறியப்பட்டார்.

அந்நிலையில்தான் டெட் காலின்ஸ் அந்நாடகத்தைக் காண வந்தார். அவர் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். குரலைத் தனியே பிரித்துக் கேட்கப் பழகிய செவியினர். அரங்கத்தார் மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, காலின்ஸ் பாட்டைக் கேட்டார். நாடகம் முடிந்ததும் கேட்டைச் சந்தித்துப் பேசினார். நாளடைவில் தம் நிறுவனப் பணியையும் விட்டு அவருடைய மேலாளர் ஆனார். இருவருக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை, கைகுலுக்கிக்கொண்டனர், அவ்வளவே. வருவாயில் ஆளுக்குச் சரிபாதி. பாடுவது கேட்டின் வேலை. மற்றவை அனைத்தும் காலின்ஸின் பொறுப்பு. கலைஞர்களின் உழைப்பைச் சுரண்டிய இடைத்தரகர்கள் மலிந்திருந்த தொழில் அது என்பதை எண்ணினால், அக்கைகுலுக்கலின் அருமை விளங்கும்.

காலின்ஸ் தேர்ந்தெடுத்த களம் வானொலி. காரணம் எளியது. மேடை உடலைக் காட்டும். வானொலி அதை மறைத்துவிடும். வீட்டுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் நேயருக்குக் குரல் மட்டுமே வந்து சேரும். பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம் அது. நாடகச்சீட்டு வாங்க இயலாத குடும்பங்களிலும் வானொலிப்பெட்டி இருந்தது. 1931 மே மாதத்தில் சி.பி.எஸ். வானொலியில் கேட்டின் கால்மணி நேர நிகழ்ச்சி தொடங்கியது. அதே மாலை வேளையில் போட்டி நிலையமான என்.பி.சி., நாடே விரும்பிக் கேட்ட ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ தொடரை ஒலிபரப்பி வந்தது. விளம்பரதாரர்கள் ஒதுங்கிக்கொள்ளும் நேரம் அது. ஆயினும், விரைவிலேயே சுருட்டு நிறுவனமொன்று கேட்டின் நிகழ்ச்சியை ஏற்றது.

காலின்ஸ் தம் பாடகிக்குப் பகட்டான அறிமுகம் எதையும் அமைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டி உள்ளே வருவதுபோல ஓர் எளிய வணக்கம், சில பாடல்கள், இறுதியில் ஒரு நன்றி. அறிவிப்பாளராக அவரே ஒலிவாங்கியின்முன் நின்றார். நேயர்கள் கேட்டைத் தம் வீட்டாருள் ஒருவராகவே கருதினர். காலின்ஸின் கணக்கும் தவறியதுண்டு. வானொலிப் புகழை நம்பி 1933இல் வெளிவந்த ‘ஹலோ, எவ்ரிபடி!’ திரைப்படம் தோல்வியைத் தழுவியது. அவர் பிற்காலத்தில் நடத்திய கால்பந்து அணியும் அவருக்குப் பேரிழப்பையே தந்தது.

1938இல் முதல் உலகப்போர் நிறுத்த நாளை ஒட்டிப் பாடுவதற்கு ஒரு புதிய பாட்டு தேவைப்பட்டது. பாடலாசிரியர் இர்விங் பெர்லின், 1918இல் எழுதி ஒதுக்கி வைத்திருந்த ‘காட் பிளெஸ் அமெரிக்கா’ பாடலைத் திருத்தி அளித்தார். நவம்பர் 10ஆம் நாள் கேட் அதைப் பாடினார். நாட்டுப்பண்ணுக்கு அடுத்த நிலையில் மக்கள் அப்பாடலைப் போற்றத் தொடங்கினர். அதன் உரிமைத்தொகை சாரணர் இயக்கங்களுக்கு வழங்கப்பட்டது.

அக்குரலின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்ட நாள் 1943 செப்டம்பர் 21. போர்க்கடன் பத்திரங்களை வாங்குமாறு மக்களை வேண்டி, காலை 8 மணி முதல் மறுநாள் அதிகாலை 2 மணி வரை, இடைவெளி விட்டு அறுபதுக்கும் மேற்பட்ட முறை கேட் பேசினார். அவ்வொரு நாளில் ஏறத்தாழ 3 கோடியே 90 இலட்சம் டாலர் மதிப்புள்ள பத்திரங்களுக்கு மக்கள் உறுதியளித்தனர். சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் இதை வியந்து, நியூயார்க் மக்கள் நூறு பேரிடம் விரிவாக உரையாடி ஆராய்ந்தார். 1946இல் நூலாகவும் வெளியிட்டார். கேட் உளமாரப் பேசுகிறார் என்னும் நம்பிக்கையே மக்களை ஈர்த்தது என்று அவர் கண்டார். மேடையில் எள்ளலுக்கு உள்ளான அவ்வுடல்கூட, பகட்டற்ற எளிய பெண் என்னும் மதிப்பை நேயர்களிடையே வளர்த்திருந்தது.

1964இல் காலின்ஸ் மறைந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அக்கூட்டுறவு, கைகுலுக்கிய நாளில் பேசியபடியே இறுதிவரை நடந்தது. அதன்பின்னும் கேட் பாடினார். ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பனிவளைகோல் அணியினர் தம் ஆட்டங்களில் அவர் பாடலை ஒலிக்கச் செய்தனர். 1974இல் இறுதிப் போட்டியின்போது அவரே நேரில் வந்து பாட, அணி கோப்பையை வென்றது. 1982இல் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான விடுதலைப் பதக்கத்தைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு பெற்றார். நீரிழிவு நோயால் நலிந்திருந்த அவர், 1986 ஜூன் 17ஆம் நாள் காலமானார்.

மறு ஆண்டு அவ்வணியினர் அவருக்குச் சிலை எழுப்பினர். அச்சிலை இன்று அங்கில்லை. 1930களின் தொடக்கத்தில் அவர் பாடிய இரு பாடல்களில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொற்கள் இருந்தமை பேசுபொருளாகி, 2019இல் அது அகற்றப்பட்டது. அவற்றுள் ஒன்று அந்தத் தோல்விப் படத்தில் இடம்பெற்றது. பிறர் ஏளனத்தால் ஒப்பனை அறையில் அழுத பெண்தான் அப்பாடல்களையும் பாடினார்.