கல்கத்தாவுக்கு வந்த ஒகாகுரா

ஜப்பான் என்றதும் கிடர்பூரின் பழைய தலைமுறைக்கு நினைவு வந்தது குண்டுதான். 1943 டிசம்பர் 5ஆம் தேதி பட்டப்பகலில் ஜப்பானிய விமானங்கள் இங்குள்ள துறைமுகத்தின் மீது குண்டு வீசின. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்த தொழிலாளர்கள் ஏராளமானோர் மாண்டனர். ஆனால் அதற்கு 41 ஆண்டுகள் முன்பு, அதே நாட்டிலிருந்து ஒருவர் தம் நாட்டுக் கலையையும் பண்பாட்டையும் எடுத்துச் சொல்ல இந்நகருக்கு வந்தார். அவர்தான் ஒகாகுரா காகுசோ.

ஒகாகுரா 1863இல் யோக்கோஹாமா துறைமுக நகரில் பிறந்தார். தந்தை அங்கே பட்டுக் கடையைக் கவனித்து வந்தார். வெள்ளைக்காரர்களோடு வியாபாரம் நடந்ததால், பையனுக்குச் சிறு வயதிலேயே பாதிரியார் ஒருவரிடம் ஆங்கிலம் கற்பித்தார்கள். அது நன்றாகவே வந்தது. ஒரு நாள் வெளியூர் போகும் வழியில், அங்கிருந்த பலகையைப் படிக்கும்படி தந்தை சொன்னார். பையன் விழித்தான். சொந்த நாட்டு எழுத்து அவனுக்குத் தெரியவில்லை! மனம் நொந்த தந்தை, அவனைப் புத்தர் கோயில் ஒன்றில் விட்டுப் பழைய நூல்களைப் படிக்க வைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது புதிய கதையல்ல.

அக்காலத்தில் ஜப்பானியர் மேல்நாட்டு மோகத்தில் மூழ்கியிருந்தனர். பழங்கோயில்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. சிலைகளும் ஓவியங்களும் வெளிநாட்டாருக்கு விலை போயின. டோக்கியோ பல்கலைக் கழகத்தில் படித்த ஒகாகுரா, தம் அமெரிக்க ஆசிரியர் ஃபெனலோசாவுடன் கோயில் கோயிலாகச் சென்று கலைச் செல்வங்களைக் கணக்கெடுத்தார். 1890இல் டோக்கியோ கலைப் பள்ளியின் தலைவரானபோது அவருக்கு வயது 27. அங்கு ஏற்பட்ட பிணக்கால் 1898இல் பதவி விலகினார். ஆசிரியர் பலரும் உடன் வெளியேற, அவர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகக் கலைக்கழகம் கண்டார்.

1902 ஜனவரியில் கல்கத்தா வந்த அவர், விவேகானந்தருடன் புத்தகயை சென்று வந்தார். தாகூர் குடும்பத்தாரோடு நெருங்கிப் பழகினார். ஆசிய நாடுகளின் கலைக்கு வேர் ஒன்றே என்று விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். நிவேதிதை அதற்கு முன்னுரை தந்தார். 1903இல் அது லண்டனில் வெளியாயிற்று.

அதே ஆண்டு தம் சீடர்களான தைக்கான், ஷுன்சோ என்ற ஓவியர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். தைக்கான் அகலமான தூரிகையால் தாளை நனைத்து வண்ணம் தீட்டுவதை அவனீந்திரநாத் தாகூர் கூர்ந்து பார்த்தார். அதிலிருந்து தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். வங்க ஓவியத்தின் பனி படர்ந்தாற்போன்ற வண்ணம் அப்படி வந்ததுதான். அவனீந்திரநாத்திடம் ஓவியம் கற்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரி பின்னர் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைவரானார். மெரினாவில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவர் வடித்ததே.

1904இல் ஒகாகுரா அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணி ஏற்றார். அங்கும் கிமோனோ உடுத்தியே நடமாடினார். 1906இல் தேநீரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். சிறிய அறை, ஒரு பூ, தூய்மை, விருந்தினரிடம் பணிவு. ஒரு கோப்பைத் தேநீரில் இத்தனை அடங்கும் என்று மேல்நாட்டாருக்குப் புரிய வைத்தார். துறைமுக வாசலில் மண் குவளையில் அவசரமாகக் குடித்துவிட்டு ஓடும் நமக்குக்கூட அது வியப்பாக இருக்கும். 1912இல் மீண்டும் ஒரு முறை கல்கத்தா வந்தார். 1913 செப்டம்பர் 2ஆம் தேதி, 50ஆம் வயதில் ஜப்பானில் காலமானார்.

ஆசியா பற்றிய அவர் கருத்தைப் பிற்கால ஜப்பானிய ராணுவத்தினர் தங்கள் படையெடுப்புக்குப் போர்வையாக்கிக்கொண்டனர். அந்தப் போரின் குண்டுதான் கிடர்பூரில் விழுந்தது. அது அவர் கொண்டுவந்த சரக்கல்ல. அவர் விட்டுச் சென்றது, நனைந்த தாளில் வண்ணம் தீட்டும் வித்தை.

தன்னுடையதை நன்றாகக் கற்றவன்தான் அதைப் பிறருக்குப் பிறர் மொழியில் சொல்ல முடியும். நம் பிள்ளைகள் இங்கே வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் பேசட்டும். விடுமுறையில் ஊருக்குப் போனால், பஸ்ஸின் பெயர்ப் பலகையையும் தாங்களே படிக்கட்டும்.