தேர்தற்களத்தில் காமராசர்

தேர்தலுக்கு நிற்கும் அபேட்சகர் எத்துணை முன்னேற்பாடு செய்துகொள்ளினும், நினையாத இடையூறு ஒன்று இடைவழியில் வந்து மறித்தல் உண்டு. அப்போழ்து அவர் செய்வனவும் செய்யாது விடுவனவுமே அவர்தம் இயல்பைக் காட்டும். நம் நாகர்கோவில் தொகுதியோடு தொடர்புற்ற காமராசரின் வாழ்வில் இத்தகைய இடையூறுகள் பல. அவர்தம் சரிதம் முழுவதையும் ஈண்டு விரிக்கப் புகுந்தேமல்லேம். தேர்தல் பற்றிய பகுதியை மட்டும் நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு, சிறப்பாக இளைஞர்க்கு, எடுத்துரைக்க விழைகின்றோம்.

விருதுநகரில் 1903ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளிப்படிப்பையும் நிறுத்தித் தேச சேவையிற் புகுந்தார். 1941இல் சிறையிலிருக்கையிலேயே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பெற்று, விடுதலையான பின் அப்பதவியைத் துறந்தார். 1954இல் சென்னை இராச்சியத்தின் முதன்மந்திரியானபோது அவர் சட்டசபை அங்கத்தினரல்லர். மேலவை வழியாகப் புகுதல் எளிது. அவர்க்கு முன்னிருந்த இராசாசி அவ்வழியே புகுந்தவர். காமராசரோ குடியாத்தத்து உபதேர்தலில் நின்று, மக்களிடமே வாக்குக் கேட்டு வென்றார்.

இங்ஙனம் பழகியவர்க்கும் 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் கடுஞ்சோதனையாயிற்று. அக்காலை அவர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவர். அரிசித் தட்டுப்பாடும், 1965இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியை அடக்கிய முறையும் மக்கள் உள்ளத்தைக் கைக்கச் செய்திருந்தன. சனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், கழுத்திற் கட்டுடன் அவர் தோன்றும் படம் சுவர்தோறும் ஒட்டப்பெற்றது, மருத்துவமனையில் இருந்தவாறே அவர் பரங்கிமலையில் வென்றார். அத்தேர்தற் காலத்திலேயே காமராசரும் மோட்டார் விபத்திற் காயமுற்றார். ஒருவர்தம் புண் வாக்காயிற்று. மற்றவர்தம் புண் அவரைப் படுக்கையிற் கிடத்தியதன்றி வேறு பயன் தந்திலது. தம் காயத்தைக் காட்டி இரக்கம் வேண்டுதல் அவர் இயல்பன்று.

பாடஞ் சொல்லுங்கால் மாணாக்கர் எம்மை வினவுவதுண்டு: இத்துணைப் பெருந்தலைவர் பிறந்த ஊரிலேயே தோற்றது எங்ஙனம் என்று. படுத்திருந்தே வென்றுவிடலாம் என அவர் நம்பியது பிழை என்பதே எம் விடை. பெரியோர் பிழையை மறைத்து உரைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசன் 1,285 வாக்கு மிகுதியால் அவரை வென்றார். தோற்றவர் எவரையும் பழித்திலர். புதிய மந்திரிசபைக்குச் சிறிது அவகாசம் தருதல் வேண்டுமெனத் தம் கட்சியாரைப் பணித்தார்.

1968ஆம் ஆண்டு சூன் திங்களில் நம் தொகுதியின் பிரதிநிதி நேசமணி காலமாயினார். அவ்விடத்திற்குக் காமராசர் நின்றார். நமக்கோ அவர் அயலூரார். 1956இல் நம் நான்கு தாலூகாக்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு இவற்றிற்காக அவர் போதிய அளவு வாதாடிற்றிலர் என்னும் மனக்குறை எல்லைப் போராட்டத்தில் நின்றோர் பலர்க்கு இருந்தது. அக்குறை முற்றும் ஆதாரமற்றதென்று யாமும் கூறோம். எதிர்நின்றவரோ டாக்டர் மத்தியாஸ். சுதந்திரக் கட்சியினரான அவர்க்கு ஆளுங்கட்சியாகிய தி.மு.கழகத்தின் துணையும் இருந்தது. மீண்டும் ஒரு தோல்வி நேரின் காமராசரின் அரசியல் வாழ்வு அத்துடன் முடிந்திருத்தல் கூடும். ஆயின் இம்முறை அவர் படுத்திருந்து வெல்ல எண்ணினாரல்லர். நேரே வந்து நம்மவரிடம் வாக்குக் கேட்டார். 1969 சனவரியில் 1,28,201 வாக்கு மிகுதியால் வெற்றி எய்தினார். சட்டசபைத் தொகுதியும் பார்லிமெண்டுத் தொகுதியும் அளவில் ஒவ்வாவெனினும், முன்பு தோற்ற தொகையினும் இஃது ஏறத்தாழ நூறு மடங்கு.

அவ்வாண்டிலேயே காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. 1971 பொதுத்தேர்தலில் தமிழ்நாட்டிலிருந்து பார்லிமெண்டிற்கு அவர்தம் பிரிவு பெற்ற இடம் ஒன்றே, அது நாகர்கோவில். 1975 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளில், அவர் உயிர்நீத்தபோதும் நம் தொகுதியின் பிரதிநிதியாகவே இருந்தார்.