சாட்டையைக் கீழே போட வைத்த சீனிவாசராவ்

தஞ்சை வயல்களில் இருந்து சவுக்கடியையும் சாணிப்பாலையும் விரட்டிய தலைவரின் வரலாறு

தஞ்சாவூரில் இருந்து திருவாரூருக்கு ரெயிலில் போனால், வழியில் நீடாமங்கலம் வரும். மன்னார்குடிக்குப் பாதை பிரிகிற இடம் அதுதான். ஊரைச் சுற்றிலும் நெல் வயல்கள். வெண்ணாறு பிரிந்து பாய்ந்து வளம் கொழிக்கச் செய்த பூமி.

அந்த ஊரில் 1937-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ந்தேதி ஒரு காங்கிரஸ் மாநாடு நடந்தது. மாநாட்டுக்கு வந்தவர்களுக்குச் சமபந்தி விருந்து வைத்தார்கள். சமபந்தி என்றால் எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது.

பக்கத்துப் பண்ணையில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட மக்கள் சிலர் அந்தப் பந்தியில் போய் உட்கார்ந்தார்கள். இலையில் சோறு விழுந்தது. முதுகில் அடி விழுந்தது!

அடித்ததோடு விடவில்லை. பிறகு அவர்களைப் பிடித்து மொட்டை அடித்தார்கள். சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார்கள்.

இந்தச் செய்தி விடுதலை பத்திரிகையில் வெளிவந்தது. நாடெங்கும் பரபரப்பு ஏற்பட்டது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. பத்திரிகை மீது வழக்கும் தொடர்ந்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்து அதிர்ச்சி அடைந்தார்கள். ஆனால் தஞ்சை நாட்டுச் சேரிகளில் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சவுக்கடியும் சாணிப்பாலும் அவர்கள் அன்றாடம் கண்ட தண்டனைகள்.

நீடாமங்கலத்தில் இது நடந்து 6 ஆண்டுகள் கழித்து, அந்தச் சேரிகளுக்கு ஒரு மனிதர் வந்தார். அவருக்குத் தஞ்சாவூர் சொந்த ஊர் அல்ல. தமிழ் தாய்மொழியும் அல்ல. ஆனாலும் தஞ்சை மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள். அவர்தான் பி.சீனிவாசராவ்.

கன்னட நாட்டில் பிறந்தவர்

சீனிவாசராவ் 1907-ம் ஆண்டு பிறந்தார். சொந்த இடம் கன்னட நாட்டின் மேற்குக் கரையில் உள்ள தென் கன்னட மாவட்டம். பிராமணக் குடும்பம். நன்றாகப் படித்து, நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து, கவலை இல்லாமல் வாழ்ந்திருக்கலாம்.

அது காந்தியடிகள் நாட்டைத் தட்டி எழுப்பிய காலம். வாலிபர்கள் படிப்பை விட்டார்கள், வீட்டை விட்டார்கள். சீனிவாசராவும் அவர்களில் ஒருவர்.

அவர் சென்னைக்கு வந்தார். அன்னியத் துணி விற்கும் கடைகளின் முன்னால் மறியல் செய்தார். போலீசார் தடியால் அடித்தார்கள். சிறைக்கு அனுப்பினார்கள்.

சிறையில் இருந்தபோது பொதுவுடைமைக் கொள்கை அவரைக் கவர்ந்தது. வெள்ளைக்காரன் போனால் மட்டும் போதாது. ஏழையின் முதுகில் விழும் அடியும் நிற்கவேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் வேரூன்றியது. விடுதலையான பிறகு கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார்.

1943-ம் ஆண்டு கட்சி அவரைத் தஞ்சை ஜில்லாவுக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 36.

நெற்களஞ்சியத்தில் பசி

தஞ்சை ஜில்லாவுக்கு நெற்களஞ்சியம் என்று பெயர். ஆனால் அந்த நெல்லை விளைவித்தவன் வீட்டில் நெல் இல்லை!

நிலம் கோவில்களுக்கும், மடங்களுக்கும், மிராசுதார்களுக்கும் சொந்தம். வேலி வேலியாக நிலம் வைத்திருந்தார்கள். ஒரு வேலி என்பது 6 ஏக்கருக்கும் மேல். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர்கள் ஒரு சாரார். பண்ணையில் அடிமை போல உழைத்த பண்ணையாட்கள் இன்னொரு சாரார். பண்ணையாட்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள்.

பண்ணையாள் விடியும் முன்பே வயலில் இறங்கவேண்டும். இருட்டிய பிறகுதான் கரை ஏறலாம். அவன் மட்டும் அல்ல, அவன் மனைவியும் பிள்ளைகளும் அந்தப் பண்ணைக்கே உழைக்கவேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை; மாடு மேய்க்கும் வேலைதான்.

குடியிருந்த குடிசை மனையும் மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால், அன்று இரவே குடிசை போய்விடும்.

கூலி நெல்லாகத்தான் கிடைக்கும். அளக்கிற மரக்காலோ பண்ணைக்காரரின் மரக்கால். அதில் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்க யாருக்கும் துணிவு இல்லை.

வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி. மாடு பயிரில் மேய்ந்துவிட்டால் சவுக்கடி. அதற்கு மேல் சாணிப்பால். பெயரில்தான் பால் இருக்கிறது. அது சாணியைக் கரைத்த தண்ணீர். அடிபட்டவனை அதைக் குடிக்கச் செய்வார்கள்.

சவுக்கடி உடம்பை வருத்தும். சாணிப்பால் மனதை ஒடிக்கும். நீயும் மனிதன் அல்ல, உன் பிள்ளையும் மனிதன் அல்ல என்று சொல்லாமல் சொல்லுகிற தண்டனை அது.

சேரியே வீடு

சீனிவாசராவ் சேரிக்குப் போனார். பேசிவிட்டுத் திரும்பி வரவில்லை. அங்கேயே தங்கினார்.

அவர்கள் குடித்த கஞ்சியைக் குடித்தார். அவர்கள் படுத்த மண் தரையில் படுத்தார். பிராமணர் ஒருவர் தங்கள் குடிசைக்குள் வந்து, தங்கள் கையால் சோறு வாங்கி உண்டதைக் கண்டு மக்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு மனம் உருகினார்கள்.

அவருடைய தமிழில் கன்னட வாடை வீசும். பேச்சு முன்னும் பின்னுமாக இருக்கும். ஆனால் அவர் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது.

மிராசுதாரும் தாய் வயிற்றில் பிறந்தவர்தான், பண்ணையாளும் தாய் வயிற்றில் பிறந்தவன்தான் என்று எடுத்துச் சொன்னார். அடித்தால் பட்டுக்கொண்டு நிற்காதே என்றார். சாணிப்பாலைக் குடிக்க மறுத்துவிடு என்றார். ஒருவன் மேல் கை வைத்தால், ஊரே திரண்டு போய் ஏன் என்று கேட்கவேண்டும் என்றார்.

கேட்டவர்களுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்த தலை, ஒரே நாளில் நிமிர்ந்துவிடுமா?

சங்கம் பிறந்தது

மன்னார்குடி வட்டாரத்தில் தென்பரை என்று ஒரு கிராமம். அங்கே மடத்து நிலத்தைப் பயிரிட்ட குத்தகை விவசாயிகள் குறைகளால் குமுறிக்கொண்டிருந்தார்கள். 1943-ம் ஆண்டு அங்கே விவசாயிகள் சங்கம் ஏற்பட்டது. சங்கம் ஊருக்கு ஊர் பரவியது.

அது உலக யுத்த காலம். பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததால், அங்கிருந்து வந்த அரிசி நின்றுவிட்டது. நெல் விலை ஏறியது. ஆனால் நெல்லை விளைவித்தவன் கூலி ஏறவில்லை. இதனாலும் சங்கத்தில் ஆட்கள் திரண்டார்கள்.

சீனிவாசராவ் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. குத்தகை விவசாயிகளில் பலர் சாதி இந்துக்கள். பண்ணையாட்கள் சேரி மக்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொடாமல் வாழ்ந்தவர்கள். இந்த இரண்டு பேரையும் ஒரே சங்கத்தில், ஒரே கொடியின் கீழ் அவர் உட்கார வைத்தார்.

அது எளிதாக நடக்கவில்லை. சேரி ஆட்களோடு சரிசமமாக உட்கார மாட்டோம் என்று முரண்டு பிடித்தவர்கள் இருந்தார்கள். பிரிந்து நின்றால் இரண்டு பேருக்கும் தோல்வி என்பதை அவர் பொறுமையாக எடுத்துக் காட்டினார்.

சேரிகளில் இருந்தே தலைவர்கள் தோன்றினார்கள். அவர்களில் ஒருவர் களப்பால் குப்பு. தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த அவர், அஞ்சாத நெஞ்சம் படைத்தவர். குப்பு வருகிறார் என்றால், அடிக்க ஓங்கிய கை தயங்கும் என்ற நிலை வந்தது. மணலி கந்தசாமியும் சங்கத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர்.

மன்னார்குடி ஒப்பந்தம்

சங்கம் கேட்டது என்ன? சவுக்கடி கூடாது. சாணிப்பால் கூடாது. கூலியைக் கூட்டவேண்டும். சர்க்கார் முத்திரை போட்ட மரக்காலால் நெல் அளக்கவேண்டும்.

இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும். வயிற்றுக்குச் சோறு கேட்கும் முன்பு, மானத்தைக் கேட்டார்கள்!

பண்ணையாட்கள் ஒன்றாக நின்றார்கள். விதைப்பும், நடவும், அறுப்பும் தங்கள் கையில்தான் இருக்கிறது என்பதை உணர்ந்தார்கள். கை நின்றால் களம் நிற்கும்.

1944-ம் ஆண்டு மன்னார்குடியில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சு நடந்தது. மிராசுதார்கள் ஒரு பக்கம். சங்கத்தார் மறுபக்கம். அதுவரை மிராசுதாரின் எதிரே நிற்கவே நடுங்கிய மக்களின் பிரதிநிதிகள், சரிசமமாக உட்கார்ந்து பேசினார்கள்.

ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் இனிமேல் இல்லை என்று எழுதப்பட்டது. கூலியும் உயர்ந்தது.

காகிதத்தில் எழுதிய உடனே எல்லா ஊரிலும் சாட்டை கீழே விழவில்லை. எந்த ஊரில் சங்கம் வலுவாக இருந்ததோ, அந்த ஊரில் முதலில் விழுந்தது. பிறகு மற்ற ஊர்களிலும் விழுந்தது.

தலைமறைவு வாழ்க்கை

1947-ல் நாடு சுதந்திரம் அடைந்தது. ஆனால் தஞ்சையில் அமைதி ஏற்படவில்லை. 1948-ல் கம்யூனிஸ்டுகள் மீது அடக்குமுறை பாய்ந்தது. கிராமங்களில் போலீஸ் முகாம்கள் போடப்பட்டன. சேரிகள் சோதனைக்கு உள்ளாயின.

களப்பால் குப்பு சிறை பிடிக்கப்பட்டார். 1948-ல் திருச்சி சிறையிலேயே உயிர் நீத்தார். 1950-ல் வாட்டாக்குடி இரணியன், ஜாம்பவானோடை சிவராமன் என்ற இரண்டு இளைஞர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சீனிவாசராவ் தலைமறைவானார். ஊர் ஊராக, குடிசை குடிசையாக இருந்தார். தங்களுக்கே அரை வயிற்றுக் கஞ்சிதான் என்ற நிலையிலும், அந்த மக்கள் அவருக்குச் சோறு போட்டார்கள். தங்கள் உயிரைப் பணயம் வைத்து அவரைக் காத்தார்கள்.

சட்டம் வந்தது

1950-ல் இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

1952-ல் ராஜாஜி மந்திரிசபை தஞ்சைக்கென்றே தனியாக ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பின்பு அது தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஆயிற்று. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு கிடைக்கவேண்டும் என்றும், பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்றும் அது சொன்னது.

இதில் ஒரு சங்கடமும் விளைந்தது. சட்டத்துக்குப் பயந்து பல மிராசுதார்கள் பண்ணையாட்களை விலக்கிவிட்டு, அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். சீனிவாசராவ் ஓயவில்லை. வேலையில் இருந்து நீக்கப்பட்டவர்களுக்காக மறுபடியும் ஊர் ஊராக அலைந்தார். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தமாகவேண்டும் என்ற கோரிக்கையையும் விவசாய இயக்கம் தொடர்ந்து எழுப்பியது.

பின்னர் சென்னை சர்க்கார் நில உச்சவரம்பு மசோதாவைக் கொண்டுவந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 ஏக்கர் என்று வரம்பு கட்டினாலும், அதில் பல விதிவிலக்குகள் இருந்தன. அந்த ஓட்டைகளை அடைக்கக் கோரி விவசாயிகள் மறியலில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள்.

அந்தப் போராட்டத்தின் போது இரவு பகல் பாராமல் உழைத்த சீனிவாசராவின் உடல் தாங்கவில்லை. 1961-ம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் அவர் காலமானார். வயது 54.

அவருக்குப் பின்

அவர் மறைந்த பிறகும் கொடுமை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. 1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி இரவு, கீழத்தஞ்சையில் உள்ள கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குத் தீ வைத்தார்கள். உள்ளே அடைக்கலம் புகுந்த 44 பேர் வெந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியை உயர்த்திக் கேட்டு, சங்கத்தின் கொடியை இறக்க மறுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

அதே சமயம், விதைத்த விதை வீண்போகவில்லை. 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. குடிசை இருந்த மனை, குடியிருந்த தொழிலாளிக்கே சொந்தமாயிற்று. இரவோடு இரவாகக் குடிசையைப் பிடுங்குவோம் என்று இனி மிரட்ட முடியாது.

1989-ல் இந்தியப் பாராளுமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் வாயில் உண்ணத் தகாத பொருளைத் திணிப்பதை அந்தச் சட்டம் முதல் குற்றமாக எழுதி வைத்திருக்கிறது. 2015-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, மொட்டை அடித்து அவமானப்படுத்துவதும் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. நீடாமங்கலத்தில் நடந்த இரண்டு கொடுமைகளும் இன்று சட்டப்படி சிறைத் தண்டனைக்கு உரியவை.

கடல் கடந்த நாட்டிலும் இதே பாடம் உண்டு. அமெரிக்காவில் மாண்ட்கோமரி என்ற நகரத்தில், பஸ்சில் கறுப்பர்கள் பின்னால்தான் உட்காரவேண்டும் என்று விதி இருந்தது. 1955 டிசம்பரில் அங்குள்ள கறுப்பு மக்கள் பஸ்சில் ஏறுவதையே நிறுத்தினார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் நடந்தே போனார்கள். கடைசியில் விதி மாறியது.

தஞ்சையில் அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத ஏழை மக்கள் அதைச் செய்து காட்டினார்கள். சட்டம் வரும் வரையில் அவர்கள் காத்திருக்கவில்லை. முதலில் தலை நிமிர்ந்தது; பிறகுதான் சட்டம் வந்தது.

சீனிவாசராவின் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. ஆண்டுதோறும் அவருடைய நினைவு நாளில், வயலில் உழைக்கும் மக்கள் அங்கே கூடி மலர் தூவுகிறார்கள். சாட்டையின் தழும்பைக் கண்ட தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் கையில் புத்தகத்தோடு பள்ளிக்கூடம் போகிறார்கள்.