சாவி ரயிலுக்குக் கைகாட்டி தந்த ஹார்ன்பி

சாவி கொடுத்து ஓடவிடும் பொம்மை ரயிலைப் பார்த்திருக்கிறீர்களா? சாவியை முறுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் தளரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு கைகாட்டியை நட்டு, 'நில்' என்று அதன் கையை நீட்டி வைத்தாலும் ரயில் அதைத் தாண்டிப் போய்விடும். பொம்மைக்கு சிக்னல் தெரியுமா என்ன? தெரியும்படி செய்தது ஃபிராங்க் ஹார்ன்பியின் தொழிற்சாலை.

ஹார்ன்பி 1863-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். தந்தை உணவுப் பொருள் வியாபாரி. 16 வயதில் ஹார்ன்பியின் பள்ளிப் படிப்பு நின்றது. பிறகு இறைச்சி இறக்குமதி செய்யும் எலியட் என்பவரிடம் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். பொறியியல் படித்தவர் அல்லர்.

வீட்டில் தம் மகன்களுக்காகத் தகரத்தை வெட்டிப் பாலமும் பாரந்தூக்கியும் செய்து கொடுப்பார். ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாகத் தகடு வெட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாப் பட்டைகளிலும் அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டார். எந்தப் பட்டையையும் எதனோடும் திருகாணியால் இணைக்கலாம். இன்று பாலமாக இருப்பதைப் பிரித்தால் நாளை பாரந்தூக்கி!

காப்புரிமை வாங்க அவரிடம் பணம் இல்லை. முதலாளி எலியட்டிடமே 5 பவுண்டு கடன் வாங்கி, 1901-இல் விண்ணப்பித்தார். எலியட் பின்னர் தொழிலில் பங்காளியும் ஆனார். முதல் சில ஆண்டுகளில் லாபம் இல்லை. ஆனாலும் ஹார்ன்பி கைவிடவில்லை. 1907-இல் அந்தப் பொம்மைக்கு 'மெக்கானோ' என்று பெயர் வைத்தார். அதன்பின் உலகம் முழுவதும் சிறுவர்கள் கேட்டு வாங்கினார்கள்.

1920-இல் ஹார்ன்பி ரயில் வந்தது. முதலில் வந்த ரயில்களை மெக்கானோ போலவே திருகாணி கழற்றிப் பிரித்து மறுபடி பூட்டலாம். தண்டவாளங்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர் அகலம்.

ரயில் வந்தால் சிக்னலும் வேண்டுமே! பலவகைக் கைகாட்டிகளைத் தகரத்தில் செய்தார்கள். எதை எங்கே வைப்பது என்பதைச் சிறுவர்கள் உண்மையான ரயில்வேயைப் பார்த்து முடிவு செய்யலாம். ரயில் நிற்க வேண்டிய இடத்தில், முனை நேராக வெட்டிய கை. அது வரப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்க, மீன்வால் போலப் பிளந்த கை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கை. எந்தப் பாதை திறந்திருக்கிறதோ அந்தக் கை மட்டும் கீழே இறங்க வேண்டும். மாற்றி இறக்கினால் உண்மையான ரயிலில் விபத்துதான்.

ஆனால் விரலால் கையை ஏற்றி இறக்கினால் சாவி ரயில் நிற்காதே? அதனால் 1920-களிலேயே ஹார்ன்பி தொழிற்சாலை ஓர் ஏற்பாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிக்னல் அறையில் வரிசையாகச் சிறு நெம்புகோல்கள். அவற்றிலிருந்து தண்டவாளத்தின் ஓரமாகக் கம்பிகள் போகும். ஒரு நெம்புகோலை இழுத்தால் தூரத்தில் கைகாட்டி அசையும். இன்னொன்றை இழுத்தால் தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் ஒரு துண்டு, என்ஜினின் அடியில் உள்ள பிரேக்கைத் தட்டிவிடும். கை நீட்டிய இடத்திலேயே ரயிலும் நிற்கும்! உண்மையான நிலையங்களிலும் அன்று கம்பியும் நெம்புகோலும்தான். எனக்கு அவர் செய்தவற்றில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஹார்ன்பி 1931-இல் பாராளுமன்ற உறுப்பினரானார். நான்கு ஆண்டுகள் இருந்தார். 1936-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி காலமானார். அவர் பெயரால் 'ஹார்ன்பி டப்ளோ' என்ற, ஏறக்குறைய பாதி அளவே உள்ள குட்டி ரயில் 1938-இல் வந்தது. அதற்கு மின்சாரத்தால் கை இறங்கும் சிக்னல்களும் செய்தார்கள். சுவிட்சைத் தட்டினால் போதும், கம்பி இழுக்க வேண்டியதில்லை. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.